அந்த ‘ஆகவே’

அக்னஸ் தத்துவம் படிக்கப் போனது ஆசைப்பட்டு அல்ல. விழுப்புரம் தனி மாவட்டமான வருஷம் அது. அவள் ப்ளஸ் டூவில் வாங்கியிருந்த மார்க்குக்கு அந்த ஊர்க் கல்லூரியில் வணிகவியல் கிடைக்கவில்லை, ஆங்கிலம் கிடைக்கவில்லை, வரலாறுகூடக் கடைசி நேரத்தில் கைநழுவிப் போய்விட்டது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கிளார்க் பட்டியலைப் புரட்டிவிட்டு, “பிலாசபில எடம் கீது. சேர்றியா, இல்லாட்டி அடுத்த வருஷம் வர்றியா?” என்றார்.

பக்கத்தில் நின்ற அப்பாவுக்கு அந்த வார்த்தை பிடிபடவில்லை. அந்தோணிசாமி ரயில்வேயில் கேங்மேன். திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவில் தண்டவாளத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டே நடக்கிறவர்.

“அது இன்னா படிப்புங்க சார்?”

“சர்ச்சுல சாமியாருக்குப் போற பசங்க படிப்பாங்களே, அது.”

“எம்பொண்ணு எப்டிங்க சாமியாரா ஆவ முடியும்?”

அவர் வெள்ளந்தியாகத்தான் கேட்டார். ஆனால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அப்பாவும் என்னவென்று புரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தார். அதைப் பார்த்ததும் அக்னஸுக்குக் காது மடல் வரை சூடேறியது. “சேர்றேன் சார், பாரத்தக் குடுங்க” என்று கையை நீட்டினாள். சிரித்தவர்கள் மேல் வந்த கோபத்தில்தான் அவள் கையெழுத்துப் போட்டாள் என்பதை அவளே பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

தினமும் காலையில் பாசஞ்சர் ரயிலில் போய்ச் சாயங்காலம் அதே ரயிலில் திரும்புவாள். வகுப்பில் மொத்தம் எட்டுப் பேர். அதில் மூன்று பேர் பாதிரியாராவதற்குக் குருமடத்தில் சேர்ந்து பாதியில் திரும்பிய பையன்கள். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அறைதான் வகுப்பு. பேராசிரியர் விருத்தாசலம் பேச்சில் வல்லவர் இல்லை. பழுப்பேறிய நோட்டைப் பார்த்து வாசிப்பார், நடுவில் இருமுவார், மணி அடித்தால் வாக்கியத்தை முடிக்காமலே எழுந்து போய்விடுவார். முதல் வருஷம் முழுக்க அக்னஸ் ரயிலில் தூங்கிக்கொண்டு போய்த் தூங்கிக்கொண்டு வந்தாள்.

இரண்டாம் வருஷம் அளவையியல் பாடம் வந்தது. உள்தேர்வில் ஒரு கேள்வி. மழை பெய்தால் தரை நனையும், தரை நனையவில்லை, ஆகவே மழை பெய்யவில்லை. இந்த முடிவு செல்லுமா, செல்லாதா? செல்லும் என்று அக்னஸ் எழுதியிருந்தாள். விருத்தாசலம் அதைச் சிவப்பு மையால் அடித்திருந்தார்.

அவள் எழுந்து நின்றாள். “சார், இது சரியான முடிவு சார்.”

“இல்லம்மா. போன வாரம்தானே நடத்துனேன்? உக்காரு.”

“போன வாரம் நடத்துனது தரை நனைஞ்சா மழைதான் பேஞ்சிதுன்னு சொல்றது சார். அது தப்பு. யாராச்சும் தண்ணி தெளிச்சிருக்கலாம். இது அது இல்ல சார். தரை காஞ்சி கெடக்குது. மழை பேஞ்சிருந்தா எப்டி சார் காஞ்சி கெடக்கும்?”

விருத்தாசலம் தாளை வாங்கிப் பார்த்தார். கரும்பலகையில் மூன்று வரியையும் எழுதி, கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்தபடி நின்றார். பிறகு திரும்பி, “நான்தான் தப்பு. அக்னஸ் சொல்றது சரி. இதுல வேற யாருக்காவது அடிச்சிருக்கேனா? பேப்பரக் கொண்டாங்க” என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. அவர் அதைப் பெரிதாக நினைத்ததாகவும் தெரியவில்லை. மார்க்கைத் திருத்திவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். ஆனால் அக்னஸுக்கு அன்று ரயிலில் தூக்கம் வரவில்லை. அவளுக்கு நினைவு தெரிந்து, பெரியவர் ஒருவர் சின்னவர்களுக்கு எதிரில் ‘நான்தான் தப்பு’ என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. அவள் அப்பா, தன் மகன் வயதுள்ள ரயில்வே இன்ஸ்பெக்டர் ஏதாவது தப்பாகச் சொன்னாலும், ‘சரிங்கய்யா’ என்று தலையாட்டிவிட்டு, அதன்படி செய்துவிட்டு, அது கெட்டுப்போனதும் அதற்குத் திட்டும் வாங்கிக்கொண்டு வருவார். சொன்னது யார் என்று பாராமல் சொன்னது என்ன என்று மட்டும் பார்க்கிற ஓர் இடம் உலகத்தில் இருக்கிறது, அது சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் நோட்டில் இல்லாததையும் நூலகத்தில் போய்த் தேடிப் படித்தாள். குருமடத்துப் பையன்களோடு விக்கிரவாண்டி வரை சண்டை போட்டுக்கொண்டே வந்தாள். அந்த ஒன்றரை வருஷம்தான் தன் வாழ்க்கையிலேயே நன்றாக இருந்த காலம் என்பாள்.

படிப்பு முடிந்ததும் ஊர் அவளைப் பதம் பார்த்தது. பி.எட். படிக்கலாம் என்று போனால், பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடமே இல்லை, எதை நடத்துவாய் என்று திருப்பி அனுப்பினார்கள். வேலைக்கான நேர்முகத்தில் ஒரு ஆள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “தத்துவமா? வாழ்க்கைன்னா இன்னான்னு ஒரு வரியில சொல்லும்மா பாக்கலாம்” என்று பல்லைக் காட்டினான். பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு சித்தப்பா, “அப்ப சோறாக்கத் தெரியாதுன்னு நேராவே சொல்லிடுங்களேன்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா இந்த முறை சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பைவிட அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கணக்குப் படித்தவனிடம் போய், ஏன்டா கணக்குப் படித்தாய் என்று யாராவது கேட்கிறார்களா?

கடைசியில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையை உடைக்கிற மில் ஒன்றில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தாள். அடுத்த வருஷமே கல்யாணம் ஆனது. புருஷன் இருதயநாதன், மேம்பாலத்துக்குப் பக்கத்தில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்தான். தத்துவத்தைப் பற்றி எதுவும் கேட்காத முதல் மாப்பிள்ளை அவன்தான் என்பதற்காகவே அவள் சம்மதித்தாள்.

மில்லில் எட்டு வருஷம் ஓடியது. 2007 ஏப்ரல், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, பெருமுக்கலிலிருந்து வேலைக்கு வரும் பச்சைமுத்துவின் வலது கை மிஷின் பெல்ட்டுக்குள் போய்விட்டது. அலறல் சத்தம் ஆபீஸ் அறைக்குள் கேட்டது. அக்னஸ் ஓடிப்போய்ப் பார்த்தபோது யாரோ மெயினை நிறுத்தியிருந்தார்கள். ஷேர் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். கட்டை விரல் மட்டும் மிஞ்சியது. மற்ற நான்கும் போயின.

நாலு நாள் கழித்து மேனேஜர் வேங்கடேசன் கையால் எழுதிய இரண்டு தாளை அவள் மேஜைமேல் வைத்தார். தொழிலாளர் துறைக்கு அனுப்ப வேண்டிய விசாரணை அறிக்கை. மில்லில் கம்ப்யூட்டர் வந்திருந்தாலும் தமிழுக்கு இன்னும் பழைய டைப்ரைட்டர்தான். அவள் அடிக்க ஆரம்பித்தாள். இரண்டாம் பக்கத்தில் இப்படி வந்தது:

‘நிதானத்தில் உள்ள எவரும் ஓடும் பெல்ட்டில் கையை விடமாட்டார்கள். பச்சைமுத்து ஓடும் பெல்ட்டில் கையை விட்டுள்ளார். மேலும் அவர் மது அருந்தும் பழக்கம் உள்ளவர் என்பது அனைவரும் அறிந்ததே. ஆகவே சம்பவத்தன்று அவர் மது அருந்தியிருந்தார் என்பது தெளிவாகிறது.’

‘ஆகவே’ என்ற இடத்தில் அவள் விரல் நின்றுவிட்டது. மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள். முதல் இரண்டு வரியின் கட்டுமானத்தில் ஓட்டை இல்லை. தரை நனையவில்லை, மழை பெய்யவில்லை என்பதுபோலக் கச்சிதமாகத்தான் இருந்தது. ஆனால் முதல் வரியே பொய். ஓடும் பெல்ட்டில் கை விடாத ஆள் இந்த மில்லில் யார்? பெல்ட்டை மூடியிருந்த இரும்புத் தகடு உடைந்து மூன்று வாரமாகிறது. உடைத்த தொலி போய் அந்த இடத்தில் அடைத்துக்கொள்ளும். மிஷினை நிறுத்தினால் மேனேஜர் கத்துவார் என்று ஆளாளுக்கு ஓடும்போதே கையை விட்டுத் தள்ளிவிடுவார்கள். ஜன்னல் வழியாக அவளே தினமும் பார்த்ததுதான். பச்சைமுத்து குடிக்கிற பழக்கம் உள்ளவர் என்பதிலிருந்து அந்தச் செவ்வாய்க்கிழமை குடித்திருந்தார் என்பது எப்படி வரும்?

தாளை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள்.

“சார், இங்க ‘ஆகவே’ வராது சார்.”

“ஸ்பெல்லிங் தப்பா?”

“இல்ல சார். இதுல இருந்து அது வராதுன்னு சொல்றேன். மேல எழுதியிருக்கறதும் உண்மையில்ல. தகடு உடைஞ்சதுக்கு வொர்க்‌ஷாப்புக்கு லெட்டர் நான்தான் அடிச்சேன். எல்லாருமே கைய விட்டுத்தான் தள்றாங்க.”

வேங்கடேசன் பேனாவை மூடி வைத்தார். “அக்னஸ், உன்ன எதுக்கு வேலைக்கு வெச்சிருக்கு?”

“டைப் அடிக்க சார்.”

“யோசிக்கவா?”

அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

“பிலாசபி படிச்ச பொண்ணு, வேணாம்னு அப்பவே நாலு பேர் சொன்னாங்க. நான்தான் பாவம்னு சேத்துக்கினேன். ஜல்தியா அடிச்சிக் கொண்டா, முதலாளி கையெழுத்துப் போட்டுட்டு மெட்ராஸ் கெளம்பணும்.”

அக்னஸ் திரும்பி வந்து அடித்தாள். மூன்று காப்பி. டைப் அடித்தவர் பெயரின் முதல் எழுத்தை அடியில் இடது மூலையில் போடுவது வழக்கம், அதையும் போட்டாள். வீட்டில் பிள்ளைக்குப் பீஸ் கட்ட வேண்டும், டி.வி. கடையில் கூட்டம் குறைந்துவிட்டது என்று தனக்குத்தானே நூறு காரணம் சொல்லிக்கொண்டாள். ஒன்றும் ஒட்டவில்லை.

மூன்று வாரம் போயிருக்கும். மதியம் சாப்பாட்டு நேரத்தில் மில் கேட்டுக்கு வெளியே ஒரு பெண் நின்று அவளைக் கூப்பிட்டாள். பச்சைமுத்துவின் பெண்சாதி அம்மணி. கையில், நஷ்டஈடு கேட்டுப் போட்ட மனுவுக்குப் பதிலாகத் தபாலில் வந்த ஒரு உறை.

“நீ படிச்ச பொண்ணுன்னு அவுரு சொல்வாரும்மா. இத கொஞ்சம் படிச்சிச் சொல்லு. எங்கூர்ல ஆளுக்கொண்ணு சொல்றானுங்க.”

பிரித்துப் பார்த்தாள். அவள் அடித்த அதே அறிக்கையின் நகல். வேறு வழியில்லாமல் படித்தாள். கடைசி வரியைப் படித்து முடிக்கும்போது அம்மணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“குடிச்சிட்டுப் போயி கைய வுட்டாராமா?” அம்மணி மெதுவாகத்தான் கேட்டாள். “காலைல கேப்பைக் கூழு நான்தாம்மா ஊத்தி அனுப்பிச்சேன். பத்து மணிக்கு எந்தக் கடை தொறந்து வெச்சிருந்தான்? யாரு எழுதுனது இத?”

“எழுதுனது மேனேஜரு. டைப் அடிச்சது நான்.”

அம்மணி உறையை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அக்னஸின் இரண்டு கையையும் ஒருமுறை பார்த்தாள். “உனுக்குப் பத்து வெரலும் நல்லா கீதும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அக்னஸ் நேராகப் பெருமுக்கலுக்குப் பஸ் ஏறினாள். பச்சைமுத்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

“உக்காருங்கண்ணே. ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லுங்க. நீங்க குடிப்பீங்களா?”

“குடிப்பேம்மா. பொய் சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கெழம கறி எடுத்தா கொஞ்சம் போடுவேன். வேலை நாள்ல தொட மாட்டேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “இருந்தாலும் குடிக்கிறவன்தானே நான்? அவுங்க சொல்றதும் ஒரு வகையில நாயந்தானோ இன்னமோ. அதுக்குத்தான் சாமி வெரல எடுத்துக்கிச்சோ?”

அக்னஸுக்கு அதுவரை இருந்த வெட்கமெல்லாம் போய் உடம்பு பற்றி எரிந்தது. கையையும் வாங்கிக்கொண்டு, பழியையும் போட்டு, கடைசியில் அந்தப் பழியை இந்த மனுஷனே நம்புகிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்களே!

“எந்த வகையிலயும் நியாயமில்லண்ணே,” என்றாள். கத்திவிட்டாள் என்றே சொல்ல வேண்டும். அம்மணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். “விசாரணைக்கு நான் வர்றேன். சாட்சி சொல்றேன்.”

வீட்டில் இருதயநாதன் முதலில் நம்பவில்லை. பிறகு சாலிடரிங் கம்பியைக் கீழே வைத்தான். “உனுக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு? நீ அடிக்காட்டி வேற எவனாச்சும் அடிச்சிருப்பான்.”

“வேற எவனாச்சும் அடிச்சிருந்தா அது அவன் பொய். இப்ப அது என் பொய்.”

“வேலை போயிடும் அக்னஸ்.”

“தெரியும்.”

அவன் அதற்குமேல் தடுக்கவில்லை. விசாரணை 2008 ஜனவரியில் வந்தது. அன்று காலை, “பஸ்ஸுல போவாத, மேனேஜரு அதுலதான் வருவாரு. ட்ரெயின்ல போ” என்று மட்டும் சொன்னான்.

விழுப்புரத்தில் தொழிலாளர் துறை அலுவலகம் ஒரு மாடியில் இருந்தது. நீளமான மேஜை, அதன் தலைமாட்டில் அதிகாரி, சுவரோரம் பெஞ்சு. மில் வக்கீல் நல்ல வாட்டசாட்டமான ஆள். பச்சைமுத்துவை எழுப்பிக் கேட்ட முதல் கேள்வியே, “நீங்க குடிப்பீங்களா, மாட்டீங்களா?”

“ஞாயித்துக்கெழம குடிப்பேங்க.”

வக்கீல் அதிகாரியைப் பார்த்துச் சிரித்தார். “அவ்வளவுதாங்க ஐயா. அவரே ஒத்துக்கறார்.” பச்சைமுத்துவின் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார்; அவர் இளைஞர், ‘குடிக்க மாட்டேன்னு சொல்லிடுங்க’ என்று படியேறும்போதுகூடப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அடுத்து அக்னஸ். தகடு உடைந்ததற்குத் தான் அடித்த கடிதத்தின் தேதியையும், கார்பன் காப்பி எந்தப் பைலில் இருக்கிறது என்பதையும் சொன்னாள். எல்லாரும் கையை விட்டுத்தான் தள்ளுவார்கள் என்றாள். மில் வக்கீல் எழுந்தார்.

“நீங்க என்னம்மா படிச்சிருக்கீங்க?”

“பி.ஏ., தத்துவம்.”

“ஓ! இஞ்சினியரிங் இல்ல, டாக்டருக்குப் படிக்கல. தத்துவம்.” பெஞ்சில் இருந்தவர்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். அவர் எதிர்பார்த்த சிரிப்பு வந்தது. “சரி, அன்னைக்குப் பச்சைமுத்து குடிச்சிருந்தாரா இல்லையான்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க.”

அம்மணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வக்கீல் உட்காரவே போய்விட்டார்.

“எனக்குத் தெரியாது,” என்றாள் அக்னஸ். “நான் அவரு வாய மோந்து பாக்கல. அறிக்கை எழுதுனவங்களும் பாக்கல. டாக்டர் சீட்டுலயும் அப்டி ஒரு வார்த்தை இல்ல. தெரியாதத தெரியும்னு எழுதியிருக்காங்க. அத நான்தான் டைப் அடிச்சேன். அது தப்புன்னு சொல்லத்தான் வந்தேன்.”

“பழக்கம் உள்ளவர்னு அவரே—”

“பழக்கம் இருக்கலாங்க. நான் ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போற பழக்கம் உள்ளவ. அதனால செவ்வாக்கிழமை காலைல பத்து மணிக்கு நான் கோயில்ல இருந்தேன்னு எழுதிடுவீங்களா?”

இப்போது பெஞ்சில் வேறு மாதிரிச் சிரிப்பு எழுந்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “மேல சொல்லுங்க” என்றார்.

“நிதானத்துல இருக்கற யாரும் ஓடற பெல்ட்டுல கைய விடமாட்டாங்கன்னு எழுதியிருக்கு. அது ஒண்ண வெச்சித்தான் மத்த எல்லாத்தையும் கட்டியிருக்காங்க. நிதானத்துல இருந்துகினு கைய விட்ட ஒரு ஆள காட்டிட்டா போதும், மொத்தமும் விழுந்துடும்.” அவள் திரும்பி, சுவரோரம் உட்கார்ந்திருந்த வேங்கடேசனைப் பார்த்தாள். “அந்த விபத்துக்கு முந்தின வாரம், லாரி காத்துக்கினு இருக்குதுன்னு மேனேஜர் சாரே கைய விட்டுத் தொலியத் தள்ளினாரு. நான் ஜன்னல்ல இருந்து பாத்தேன். அவரு குடிக்கவே மாட்டாரு, அதுவும் எனக்குத் தெரியும்.”

மில் வக்கீல், “ஐயா, இதெல்லாம் காலேஜ்ல உக்காந்துகினு பேசற பேச்சு” என்று குறுக்கே வந்தார். அதிகாரி அவரைக் கையமர்த்திவிட்டு வேங்கடேசன் பக்கம் திரும்பினார்.

“நீங்க கைய விட்டீங்களா?”

“அது வந்து சார்... அவசரம்... கொஞ்சம் மெதுவாத்தான் ஓடிக்கினு இருந்திச்சி...”

“ஓடிக்கிட்டுதான இருந்தது?”

“ஆமாங்க சார்.”

“அப்ப நீங்க குடிச்சிருந்தீங்களா?”

“ஐயையோ! சத்தியமா இல்ல சார். வருஷா வருஷம் மாலை போட்டு மலைக்குப் போறவன் சார் நான்!”

அதிகாரி எதையோ எழுதிக்கொண்டார். வேங்கடேசனுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது உறைக்க ஒரு நிமிஷம் பிடித்தது. வக்கீல் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் அக்னஸ் மில்லுக்குப் போனபோது அவள் நாற்காலி அங்கே இல்லை. டைப்ரைட்டருக்கு உறை போட்டு அலமாரிமேல் ஏற்றியிருந்தார்கள். வேலையை விட்டு நீக்கியதாக ஒரு தாள்கூடக் கொடுக்கவில்லை. கொடுத்தால் காரணம் எழுத வேண்டுமே! வாட்ச்மேன்தான் பின்னாலேயே வந்து சங்கடத்தோடு, “இனிமே உள்ள வுடவேணாம்னு சொல்லிட்டாங்கம்மா” என்றார்.

தீர்ப்பு மே மாதம் வந்தது. மது அருந்தியிருந்தார் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை, இயந்திரத்தின் பாதுகாப்புத் தகடு இல்லாததே விபத்துக்குக் காரணம், பச்சைமுத்துவுக்கு மில் இழப்பீடு தர வேண்டும் என்று அதில் இருந்தது. அக்னஸின் பெயர் ‘இரண்டாம் சாட்சி’ என்று ஒரே ஒரு இடத்தில் வந்தது. ஊரில் எல்லாரும் அந்த இளைஞர் வக்கீலைத்தான் புகழ்ந்தார்கள். அவரும் மறுக்கவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு அந்தோணிசாமி வீட்டுக்கு வந்தார். ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, “அந்தப் படிப்பே வேணாம்னு அன்னிக்கே சொல்லியிருக்கணும். இருந்த வேலையும் பூடுச்சி பாரு” என்றார்.

“வேலை போனது படிப்பாலயா, பொய் எழுதுனவனாலயாப்பா? அத மட்டும் சொல்லு.”

“இன்னா இருந்தாலும்—”

“இன்னா இருந்தாலும்னு பேசாதப்பா. அவுரு கை போச்சி. அதப் பத்தி எழுதத் தெரிஞ்ச நாலு பேரு அந்த ஆபீஸ்ல இருந்தாங்க. பி.காம். படிச்சவன் இருந்தான், கம்ப்யூட்டர் படிச்சவன் இருந்தான். எல்லாரும் அந்தத் தாளப் படிச்சாங்க. ஒருத்தனுக்கும் உறுத்தல. எனக்கு உறுத்திச்சி. அப்பவும் நான் பயந்துகினு அடிச்சிக் குடுத்தேன். எதுக்குப் படிச்சேன்னு என்னக் கேக்காத, படிச்சிட்டு ஏன் அடிச்சேன்னு கேளு. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல.”

அந்தோணிசாமி தண்ணீர்ச் செம்பைத் தள்ளி வைத்தார். தன் இன்ஸ்பெக்டர்களைப் பற்றி ஒரே ஒரு வரி சொன்னார்: “அவுங்க சொல்றது தப்புன்னு எனுக்கும் பல நாளு தெரிஞ்சிதாம்மா இருந்திச்சி.” அவள் அவரைப் பார்த்தாள். அவர் சட்டைப் பையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

பத்திரம் எழுதுகிறவர் ஒருவரிடம் அக்னஸுக்கு வேறு வேலை கிடைக்க எட்டு மாதம் ஆனது. அதற்கு முன்னால், ஆடி மாதத்தில் ஒருநாள், பெருமுக்கலிலிருந்து ஆள் விட்டிருந்தார்கள். பாங்கியில் கொடுக்க ஒரு பாரம் நிரப்ப வேண்டும். பச்சைமுத்து இடது கையால் கையெழுத்துப் போடப் பழகியிருந்தார். எழுத்துக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தாலும் பெயர் முழுசாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதான். அடுப்பில் கறி கொதிக்கிற வாசனை வந்தது.

“சாப்ட்டுட்டுத்தான் போவணும்,” என்றாள் அம்மணி.

பாரத்தை மடித்துக் கொடுத்தபோது பச்சைமுத்து தயங்கித் தயங்கிச் சொன்னார்: “நான் அத வுட்டுட்டேம்மா. ஞாயித்துக்கெழம கூடத் தொடறதில்ல.”

அவர் எதிர்பார்த்தது பாராட்டு. அக்னஸுக்கோ சுர்ரென்று வந்தது. “எதுக்குண்ணே வுட்டீங்க? உடம்புக்கு ஆவாதுன்னா வுடுங்க. வேணாம்னு தோணுனா வுடுங்க. கை போனதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குதுன்னு நெனச்சிக்கினு வுடாதீங்க. சம்பந்தம் இல்லன்னு சொல்லத்தான் நான் அத்தினி தூரம் வந்தேன்.”

“தெரியும்மா. தெரிஞ்சாலும் மனசு கேக்கல.”

“நீ சும்மா இரும்மா,” என்று அம்மணி அடுப்படியிலிருந்து அதட்டினாள். “ஆறு மாசமா ஊட்ல சண்ட இல்ல. உன் நாயத்த அங்க ஆபீஸ்லயே வெச்சிக்க. இங்க கொண்டாந்து கெடுத்துடாத.”

பச்சைமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்னஸுக்கும் வந்தது. ஆனால் கோபம் முழுக்கத் தணியவில்லை. இலை முன்னால் உட்கார்ந்து, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “இல்லக்கா, நான் இன்னா சொல்றேன்னா...” என்று மறுபடி ஆரம்பித்தாள். அம்மணி ஒரு கரண்டி குழம்பை அவள் இலையில் ஊற்றிவிட்டு, எதிரில் காலை மடக்கி உட்கார்ந்து, “சரி, சொல்லு. கேக்கறேன்” என்றாள்.